ஆறாம் பக்கத்துத் திருத்தம்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு வியாழக்கிழமை காலை காலமாகிவிட்டார் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். அந்த நேரத்தில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அழுகைச் சத்தம் கேட்டு, வாய் நிறைய நுரையோடு அவரே போய்க் கதவைத் திறந்தார். அழுதுகொண்டு வந்த எதிர்வீட்டு அம்மா அவரைக் கண்டதும் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது. இந்தக் கதையை என் அக்கா முப்பத்தோரு வருஷமாக, சொந்தபந்தம் கூடுகிற இடத்தில் எல்லாம் சொல்லிவந்தாள். முடிவில் எப்போதும் ஒரே வரிதான்: "தன் போட்டோவையே சாவு விளம்பரத்துல போட்டுக்கிட்ட ஒரே மனுஷன் இவருதான்."

எல்லோரும் சிரிப்பார்கள். அத்தானும் சிரிப்பார். நானும் சிரிப்பேன், ஆனால் என் சிரிப்பு மட்டும் தொண்டைக்கு மேலே வராது. ஏனென்றால் அந்தப் போட்டோவை அங்கே ஒட்டியவன் நான். அது அக்காவுக்குத் தெரியாது.

எங்கள் ஊர் நாளிதழ் ஒன்றும் உலகப் பத்திரிகை இல்லை. எட்டுப் பக்கம். கீழே அச்சு இயந்திரம், மாடியில் ஆசிரியர் குழு, தெருவைப் பார்த்த முன்னறையில் விளம்பர கவுன்டர். அத்தான் இருபத்திரண்டு வயதில் அந்த கவுன்டரில்தான் உட்கார்ந்தார். முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஊரில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், சான்றிதழைத் தொலைத்தவர்கள், நாய்க்குட்டியைத் தேடுகிறவர்கள், செத்தவர்களுக்கு நினைவஞ்சலி போடுகிறவர்கள் எல்லோரும் அந்த ஓட்டை முன்னால் குனிந்துதான் ஆகவேண்டும். குனிந்தால் தெரிவது அத்தானின் சட்டைப் பொத்தானும் பேனா பிடித்த கையும்தான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. விளம்பரத்தை வாங்கி எழுதியதும், "படிச்சுக் காட்டறேன், கேளுங்க" என்று ஆரம்பத்திலிருந்து உரக்கப் படிப்பார். முடித்துவிட்டு, "இதுதானே?" என்பார். அவர்கள் ஆமாம் என்று வாயால் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தப்பான கதவு எண்ணுக்குக் கைநாட்டு வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து வந்த பழக்கம் அது. எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

"அத்தான், வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது."

"நிக்கட்டும் மாப்ள. தப்பா வந்துச்சுன்னா நாளைக்கு அந்த வரிசை நம்ம வீட்டு வாசல்ல நிக்கும்."

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இருபத்திநாலு வயதுக்குள் மூன்று இடத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று இடத்திலும் சண்டை போட்டு வெளியே வந்தவன். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டுச் சோறுதான். அக்கா தினமும் அவரை அரித்து எடுத்ததில் ஒருநாள் என்னைப் பத்திரிகைக்குக் கூட்டிப்போனார். "என் மச்சினன்னு பார்க்காதீங்க" என்று ஃபோர்மேனிடம் சொன்னார். அந்த ஆள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆறு மாதம் பசைத் தட்டு கழுவினேன். அப்புறம் பக்கம் ஒட்டும் மேசைக்கு வந்தேன். அச்செடுத்த பத்திகளையும் படங்களையும் ஒரு பெரிய அட்டையில் அளந்து ஒட்டி, அச்சுத் தகட்டுக்குப் படமெடுக்கிற கேமரா அறைக்கு அனுப்புகிற வேலை. கை சுத்தமாக இருக்கவேண்டும், கோபம் ஆகாது, கோபப்பட்டால் பத்தி கோணும். எந்த மருந்துக்கும் அடங்காத என் மூக்கு நுனிக் கோபத்தை அந்த அளவுகோல் கொஞ்சம் அடக்கியது. அந்த வேலை கிடைத்திருக்காவிட்டால் நான் என்னவாகியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அத்தான் முப்பத்தாறு வயதில் நிர்வாகி ஆனார். மேசை மாறியது, மாடி மாறியது, ஆள் மாறவில்லை. வந்த முதல் வாரமே திருத்தங்களுக்குச் சட்டம் போட்டார். அதுவரை எங்கள் பத்திரிகையில் திருத்தம் என்றால் கடைசிப் பக்கத்து மூலையில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய அளவில் வரும். இனிமேல் தப்பு எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக வந்ததோ, திருத்தமும் அங்கேயே அவ்வளவு பெரிதாக வரவேண்டும் என்றார். அச்சுக்குப் போகுமுன் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு நேரில் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். கீழே நிர்வாகியின் பெயர் இருக்க வேண்டும். ஆசிரியர், "இது பத்திரிகை ஆபீஸா, பாவமன்னிப்புக் கூண்டா?" என்று கேட்டார். தப்பு செய்தவன் பெயரைப் போட்டால்தானே அவனுக்கு உறைக்கும் என்று நானும் கேட்டேன். "உள்ளே யார் பண்ணினாலும் வெளியே பத்திரிகைதான் பண்ணுச்சு மாப்ள" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பழகியவர்களுக்கு நடுவில், சோற்றை விலக்கிப் பூசணிக்காயை எடுத்துக் காட்டுகிற ஆள்.

மூன்று வருஷம் கழித்து மாநில சட்டமன்றத் தேர்தல் வந்தது. கட்சிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஊரில் அந்த கவுன்டர் முன்னால் குனியாத வீடு இல்லை என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. அதில் ஒரு ஓட்டை இருந்தது. அத்தானின் குரல் ஊருக்குத் தெரியும், கை தெரியும், முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. கட்சி நோட்டீஸிலும் சின்னமும் பெயரும் மட்டும்தான் இருந்தன. பத்திரிகையின் முதலாளியம்மா வேறு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தேர்தல் முடியற வரைக்கும் செய்திப் பக்கத்துல உங்களைப் பத்தி ஒரு எழுத்து வராது. விளம்பரம் ஒண்ணே ஒண்ணு போட்டுக்குங்க, மத்த வேட்பாளர்களுக்குக் குடுக்கற மாதிரி." அத்தான், "நானே கேக்கணும்னு இருந்தேம்மா" என்றார்.

ஆகவே சனிக்கிழமை வாக்குப்பதிவு, வியாழக்கிழமை பத்திரிகையில் ஆறாம் பக்கத்தில் ஒரே ஒரு விளம்பரம், அதில் அத்தானின் முகம். ஊர் முழுக்க அவரைப் பார்க்கப்போகிற முதல் தடவை.

புதன் மாலை ஐந்து மணிக்கு அந்தப் பக்கத்தை நான்தான் ஒட்டினேன். இடது கீழ் மூலையில் அத்தான்: "உங்கள் வேட்பாளர்". வலது கீழ் மூலையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்குப் பத்தாம் ஆண்டு நினைவஞ்சலி, கறுப்புக் கட்டம் கட்டி. இரண்டு படமும் ஒரே அளவு. பிரச்சாரத்துக்கு நடுவில் அத்தான் ஓடிவந்து பக்கத்தைப் பார்த்தார். எழுத்தை எல்லாம் வாய்விட்டுப் படித்தார், படங்களைப் பார்த்தார், ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதுவரை எல்லாம் சரி.

அப்புறம்தான் எனக்குச் சனி பிடித்தது. கேமரா அறைக்குப் பக்கம் போக இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அத்தானின் போட்டோவைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு கொள்ளவில்லை. பசை காயாததால் மெதுவாக உரித்து எடுத்து, ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். "பாருங்கய்யா எங்க அத்தானை. அமைச்சர் களை இல்ல?" காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, எனக்கு என் அத்தான். கேமராக்காரர் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அத்தானைவிட இந்தப் பக்கம் இருக்கறவர்தான்யா களையா இருக்காரு" என்று டிரைவர் படத்தைக் காட்டினார். எனக்கு ஏறிவிட்டது. அதையும் உரித்தேன். இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, நீங்களே நியாயம் சொல்லுங்கள் என்று ஆபீஸ் முழுக்க வழக்காடினேன். கால் மணி போனதே தெரியவில்லை. "பக்கம் எங்கே?" என்று உள்ளேயிருந்து ஃபோர்மேன் கத்தினார். ஓடிப்போய் இரண்டையும் ஒட்டி அனுப்பினேன்.

இருவருக்கும் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, மெல்லிய மீசை, இடது பக்க வகிடு. ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். சொந்த அத்தானை அடையாளம் தெரியாதவனுக்கு என்ன சாக்கு?

மறுநாள் காலை என் மனைவி, அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி, பத்திரிகையை விரித்தபடி, "ஏங்க, உங்க அத்தான் எப்பங்க போனாரு?" என்று கேட்டாள். எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கட்டத்துக்குள் அத்தான் இருந்தார். உங்கள் வேட்பாளர் என்ற இடத்தில் பத்து வருஷத்துக்கு முன் செத்தவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டார். படத்தின் கீழே யார் பெயர், எத்தனையாம் ஆண்டு என்றெல்லாம் தெளிவாகத்தான் போட்டிருந்தது. கறுப்புக் கட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்த பிறகு எவன் எழுத்தைப் படிக்கிறான்? அத்தானைத் தெரிந்தவர்கள் அழுதுகொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினார்கள். தெரியாதவர்கள் டிரைவர்தான் வேட்பாளர் என்று நினைத்துக்கொண்டார்கள். டிரைவரைத் தெரிந்தவர்கள் பேய் என்று நினைத்தார்களோ என்னவோ.

சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். மாடிப்படியில் அத்தானைப் பிடித்தேன்.

"அத்தான்... நான்தான்..."

"தெரியும். நான் பாத்தப்ப சரியா இருந்துச்சு. எதுக்குப் பிரிச்ச?"

"உங்க போட்டோவை எல்லாருக்கும் காட்டிட்டு இருந்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

"எது?"

"போட்டோதான்."

சொல்லிவிட்டு அவர் மேலே ஏறிப் போனார், நானும் பின்னாலேயே ஏறினேன்.

முதலாளியம்மாவின் அறையில் கட்சிச் செயலாளர் மேசையைக் குத்திக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். செயலாளர் சொன்ன யோசனை இதுதான்: "எதிர்வேட்பாளர் உங்க ஆபீஸுக்குள்ள ஆளை வெச்சு செஞ்ச சதின்னு சொல்லுவோம். ஒரு ஊழியரை வேலையை விட்டு நீக்கிட்டோம்னு நாளைக்குப் பெருசா போடுங்க. அனுதாப ஓட்டு அள்ளிக்கிட்டு வரும்." எதிர்வேட்பாளர் ஒரு மரக்கடைக்காரர், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷர். முதலாளியம்மா, "யாரு ஒட்டினது? பேரைச் சொல்லுங்க, இப்பவே வீட்டுக்கு அனுப்பறேன்" என்றார்.

என் கோபமெல்லாம் எந்தப் பொந்தில் போய் ஒளிந்ததோ தெரியாது. அடுத்த மாதம் குழந்தை. சதிகாரன் என்று பெயர் வாங்கி வெளியே போனால் ஊரில் ஐந்தாவது வேலையை எவன் கொடுப்பான்? அத்தான் ஒரு பெயரைச் சொன்னால் போதும், அவர் ஜெயிப்பார். சொல்வதும் பொய்யில்லை, ஒட்டியவன் நான்தானே.

அத்தான் பக்க அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். ஓரத்தில் இருந்த கையெழுத்தைக் காட்டினார். "இது யாரு கையெழுத்து? என்னுது. சதியும் இல்லை ஒண்ணும் இல்லை, தப்பு நடந்துபோச்சு. திருத்தம் நாளைக்கு ஆறாம் பக்கத்துல, என் பேர்ல வரும்."

"சார், இன்னைக்குத்தான் பிரச்சாரத்துக்குக் கடைசி நாள். கீழே வண்டி நிக்குது. உயிரோட இருக்கேன்னு ஜனங்களுக்கு முகத்தையாவது காட்டுங்க" என்று செயலாளர் கெஞ்சினார்.

"காட்டலாம். முதல்ல டிரைவர் வீட்டம்மாவைப் பாத்துட்டு வரேன்."

நானும் கூடவே போனேன்.

அந்த அம்மா தையல்காரர். ஜன்னலோரம் தையல் இயந்திரம், அதன்மேல் வெட்டிய துணி, துணிமேல் எங்கள் பத்திரிகை, ஆறாம் பக்கம் மேலே தெரிய. உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருந்தார். அத்தான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "படிச்சுக் காட்டறேம்மா, கேளுங்க" என்று திருத்தத்தைப் படித்தார். அவர் படிக்கப் படிக்க அந்த அம்மா ஊசியை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். நாலாவது ஊசியையும் குத்திவிட்டு, "இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு."

"சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டுக்காரரு ஆயுசுக்கும் உங்க கட்சிக்கு ஓட்டுப் போட்டதில்ல. காலையிலேர்ந்து நாலு பேரு வந்து, அவரு எப்பம்மா கட்சி மாறினாருன்னு கேட்டுட்டாங்க. செத்த மனுஷன் வந்து இல்லேன்னு சொல்ல முடியுமா? அதையும் போடணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நாளன்னைக்கு ஓட்டு! அதுல போய்..." என்று ஆரம்பித்தேன். அத்தான் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"நியாயந்தாம்மா" என்றார். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளை அந்த இயந்திரத்தின் மேலேயே வைத்து எழுதினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். "இதுதானே?"

"ஆமா. இப்ப சரி" என்றார் அந்த அம்மா. அப்புறம்தான் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, அதாவது வாக்குப்பதிவுக்கு முதல்நாள், வேட்பாளரின் சொந்தப் பத்திரிகையில், வேட்பாளரின் சொந்தப் பெயரில், காலமான ஒருவர் இந்தக் கட்சிக்கு எந்தக் காலத்திலும் வாக்களித்ததில்லை என்று கொட்டை எழுத்தில் வந்தது. உலகத்திலேயே இப்படி ஓட்டுக் கேட்ட ஆள் வேறு யாராவது இருந்தால் எனக்குக் கடிதம் போடுங்கள்.

நூற்று நாற்பது ஓட்டில் அத்தான் தோற்றார்.

முடிவு வந்த அன்று காகிதக் கிடங்குக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். அத்தான் தேடிக்கொண்டு வந்தார். "என்னாலதான் தோத்தீங்க" என்றேன். "மேசையில பசை காயுது, எழுந்து வா" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் வேலையில் இருக்கும்போதே பிறந்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

ஊர் சும்மா இருக்குமா? அவருக்குச் "செத்துப் பிழைச்சவர்" என்று பெயர் வைத்தது. மளிகைக் கடையில், முடிவெட்டும் கடையில், எங்கும் அந்தப் பெயர்தான். அவர் தெருவில் நடந்தால் குழந்தைகள்கூட அடையாளம் சொல்லும். காசு கொட்டிக் கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரத்தை நான் செய்துகொடுத்திருக்கிறேன் என்று பின்னாளில் நானே மார்தட்டிக்கொள்வேன், மனசுக்குள். ஐந்து வருஷம் கழித்து அடுத்த தேர்தலில் மூவாயிரம் ஓட்டில் ஜெயித்தார். முடிவு வந்ததும் தையல்கார அம்மா ஆபீஸுக்கே வந்து கவுன்டர் ஓட்டை வழியாகக் குனிந்து, உள்ளே நின்ற அத்தானிடம் சொன்னார்: "அவரு இருந்திருந்தா இப்பவும் போட்டிருக்க மாட்டாரு. நான் போட்டேன்."

சட்டமன்றத்திலும் கவுன்டர் புத்தி போகவில்லை. மனு கொடுக்க வருகிறவர்களிடம் அவர்கள் மனுவையே திருப்பிப் படித்துக் காட்டி, இதுதானே என்று கேட்பார். ஒருநாள் சபையில் எழுந்து, எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே இயந்திரம் இல்லை என்று முழங்கிவிட்டார். அன்று மாலை விசாரித்ததில், இயந்திரம் இருக்கிறது, இயக்க ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் கமுக்கமாக இருந்திருப்பார்கள். இவர் மறுநாள் அதே நேரத்தில் எழுந்து நின்று, "நேற்று நான் சொன்னது தப்பு" என்றார். சபையே சிரித்தது. அவருடைய கட்சித் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் இயந்திரம் இல்லை என்றபோது நிதி இல்லை என்று கைவிரித்த அமைச்சரால், ஆள் இல்லை என்றதற்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. இரண்டு மாதத்தில் ஆள் வந்தார். என் மகள் படியில் விழுந்து கையை உடைத்துக்கொண்ட அன்று அந்த இயந்திரத்தில்தான் படம் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நான் எலும்பைப் பார்க்கவில்லை, அத்தானை நினைத்துக்கொண்டேன்.

தன் தப்பைத் தானே சொல்கிற ஆளை எந்தக் கட்சி இரண்டு தடவை நிறுத்தும்? அடுத்த தேர்தலில் இடம் கொடுக்கவில்லை. அவர் அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. அந்த ஐந்து வருஷமும் நிர்வாகத்தைத் தானே பார்த்துக்கொண்ட முதலாளியம்மா, நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். அதில் உட்கார்ந்து அறுபத்திரண்டு வயது வரை வேலை பார்த்தார். நான் ஃபோர்மேன் ஆனேன், அச்சுப் பிரிவுத் தலைவர் ஆனேன். அவர் ஓய்வுபெற்றதும் நிர்வாகி நாற்காலி எனக்கு வந்தது. பசைத் தட்டு கழுவியவனுக்கு.

இத்தனைக்கும் நடுவில் அக்கா அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கையெழுத்துப் போட்டவர் அவர், திருத்தத்தில் பெயர் அவருடையது. அவள் வேறென்ன நினைப்பாள்? கண்ணாடி போட்டும் கண் தெரியாத மனுஷன் என்பாள். "அக்காகிட்ட சொல்லிடட்டுமா?" என்று பல தடவை அத்தானைக் கேட்டிருக்கிறேன். "சொல்லேன், யாரு வேண்டாங்கறா?" என்பார். அவர் தடுக்கவே இல்லை. எனக்குத்தான் வாய் வரவில்லை. தான் போட்ட சோற்றைத் தின்று, தன் கணவரையே தோற்கடித்தவன் என்று அக்கா நினைத்துவிட்டால்? ஊரோடு எல்லாம் சண்டை போட்டவன், அக்கா ஒருத்திக்குப் பயந்தேன்.

போன வெள்ளிக்கிழமை எனக்கு வேலையில் கடைசி நாள். நிர்வாகி பெயரில் திருத்தம் போடும் உரிமை அன்றோடு போய்விடும். அதற்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மதியம், ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானுக்கு எழுபது வயது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

"படிச்சுக் காட்டறேன், ரெண்டு பேரும் கேளுங்க" என்றேன்.

அத்தான் ஆரஞ்சைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

படித்தேன். "முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் இந்த நாளிதழின் ஆறாம் பக்கத்தில் இரண்டு படங்கள் இடம் மாறி வெளியாயின. மறுநாள் வெளிவந்த திருத்தத்தில் அப்போதைய நிர்வாகியின் பெயர் இருந்தது. அவர் பார்த்துக் கையெழுத்திட்டபோது படங்கள் சரியாகவே இருந்தன. பிறகு அவற்றைப் பிரித்து மாற்றி ஒட்டியவர் இப்போதைய நிர்வாகி. இந்தத் தவறால் அவர் அந்தத் தேர்தலில் தோற்றார். அவரிடமும் அவர் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

திட்டு என் பக்கம் வரும் என்று தலையைக் குனிந்தேன். அது அத்தான் பக்கம் போனது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை கல்யாணத்துல, எத்தனை பேரு முன்னால சொல்லியிருப்பேன்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறக்கக் கூடாதா நீங்க?"

"நீ நல்லாத்தான் சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் மேசையிலிருந்த பத்திரிகையைச் சுருட்டி என் மண்டையில் இரண்டு வைத்தாள். "நீயும் கூடவே உக்காந்து சிரிச்சியேடா!"

"தாளைக் குடு" என்றார் அத்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எனக்குத் தெரிந்த காலம் முதல் அந்தப் பையில் பேனா இல்லாமல் இருந்ததில்லை. "ஒரு தப்பு இருக்கு" என்று சொல்லி, 'இந்தத் தவறால் அவர் அந்தத் தேர்தலில் தோற்றார்' என்ற வரியை நேராகக் கோடு இழுத்து அடித்தார்.

"அத்தான், நூத்து நாப்பது ஓட்டு."

"அந்த நூத்து நாப்பது பேரையும் போய்க் கேட்டியா? மரக்கடைக்காரர் நல்ல மனுஷன், அவருக்குன்னே போட்டிருப்பாங்க. என் மூஞ்சியைச் சரியா பாத்திருந்தா இன்னும் குறைஞ்சிருக்குமோ என்னவோ, யாருக்குத் தெரியும்? தெரியாததை எல்லாம் பத்திரிகையில போடக்கூடாது மாப்ள."

முப்பத்தோரு வருஷம் நான் சுமந்தது அந்த ஒரு வரியைத்தான். காலையில் எழுந்தால் அது, அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அது, அவர் ஜெயித்த அன்றுகூட அது. அதை அவர் ஒரு கோட்டில் அடித்துவிட்டு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அறுபத்தொரு வயதில், மூக்கு நுனிக் கோபக்காரன் நான், அந்த மேசை முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். இந்த மனிதருக்கு மச்சினனாக வாய்த்ததற்கு நான் என்ன கைம்மாறு செய்யமுடியும்? ஒன்றும் முடியாது.

அக்கா என் கையில் பாதி ஆரஞ்சைத் திணித்தாள். "ஒண்ணு விட்டுப்போச்சு. இவரு பொண்டாட்டி இதுவரைக்கும் சொன்னதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கறான்னு போடு."

"அது திருத்தம் இல்லை, விளம்பரம்" என்றார் அத்தான். "கவுன்டர்ல போய்க் குடு."

திருத்தம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆறாம் பக்கம், கீழே, அந்தப் படங்கள் வந்த அதே இடம். பக்கத்திலேயே அக்காவின் இரண்டு வரி விளம்பரமும் வந்தது. கவுன்டரில் இருக்கும் பெண் அதை அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டி, இதுதானே என்று கேட்டுத்தான் வாங்கியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். பல் தேய்த்தது, நுரை, எதிர்வீட்டு அம்மாவின் கூச்சல், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் மட்டும் விரலை என் பக்கம் திருப்பினாள். "சொந்த அத்தான் போட்டோவையே சாவு விளம்பரத்துல போட்ட ஒரே மனுஷன் இவன்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். நான் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.